உடைந்த ஊசியும் நீலச் சட்டைப் பட்டனும்

எங்கள் வீட்டில் மொத்தம் பதினைந்து பேர். நான், என் கணவர், எட்டு மாதப் பாப்பா, அப்புறம் பன்னிரண்டு பழைய தையல் மெஷின்கள். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேரிடம் ஊசி இருக்கிறது. பிள்ளை பெற்றவள் குண்டாகாமல் ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு கணக்கைத்தான் சொல்வது.

வீடு பெரிய வீடு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டே அறை. முன்னறையில் ஏழு மெஷின், படுக்கையறையில் நாலு, சமையலறை வாசலில் காவல்காரன் மாதிரி ஒன்று. புதிதாக வருகிறவர்கள், “பிளவுஸ் தைக்கக் குடுக்கலாமா?” என்று ஆசையாகக் கேட்பார்கள். கொடுக்க முடியாது. எங்கள் வீட்டு மெஷின்கள் தைக்காது. என் கணவர் அவற்றைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், பேர் வைப்பார். மகாராணி, குள்ளச்சி, செவிடன், கறுப்பழகி. தைக்க மட்டும் விடமாட்டார்.

“தைக்கவா? இதுலயா? தேஞ்சிடாதா!” என்பார், பெற்ற பெண்ணை யாரோ கிணற்றில் தள்ளச் சொன்ன மாதிரி.

அவருக்கு நூலகத்தில் வேலை. பகலெல்லாம் புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மெஷினின் உடம்பில் எண் தேடுவார். பழைய மெஷின் ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஓர் எண் வெட்டியிருக்குமாம். அதை வைத்து அது பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாமாம். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பூதக்கண்ணாடி, வாயில் பென்சில். அரைமணி நேரம் முனகிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: “நூத்திப் பத்து வருஷம்!” நூறுக்குக் குறைந்த மெஷின் இதுவரை எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் குள்ளச்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது என் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த மாடல்” என்றார். அவரோடு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

மெஷின்கள் எங்கேயிருந்து வருகின்றன என்பது இன்னும் மோசம். செய்தித்தாள் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். போனது தையல்காரர் என்று தெரிந்தால் போதும், வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். துக்கம் விசாரிக்கத்தான். திரும்பி வரும்போது தோளில் மெஷின் இருக்கும்.

ஒரு தடவை மகாராணியை மினுக்குகிறேன் என்று, பாப்பாவின் தொப்புளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். நூறு வருஷத் தங்கப் பூ, இலை, கொடி எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டார். பாப்பாவுக்கு முதல் ஜுரம் வந்த அன்று லீவு போடவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டாம் மாதம் பாப்பா தவழ ஆரம்பித்தாள். எல்லா அம்மாவும் கைதட்டுவார்கள். நான் தட்டவில்லை. தவழ்கிற பிள்ளை அடுத்து எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். எங்கள் வீட்டில் பிடிப்பதற்கு இரும்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

“ஏங்க, இதையெல்லாம் எங்கயாவது அப்புறப்படுத்துங்க. பாப்பா பிடிச்சு எந்திரிப்பா.”

“எந்திரிக்கட்டும். நல்லதுதானே?”

“மேல சாஞ்சிடுச்சுன்னா?”

“நூறு வருஷமா சாயாதது, இவ பிடிச்சதும் சாயப்போகுதா?”

“ஊசியாவது கழட்டி வைங்க.”

“ஊசி இல்லாத மெஷினா? பல்செட்டைக் கழட்டின மாதிரி இருக்கும். பாக்கச் சகிக்காது.”

“பாப்பா கையில குத்தினா?”

“ஏம்மா, நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுற. அந்த கான்வென்ட்டுல உன்னை அப்படி வளத்துட்டாங்க.”

அதில் பொய் இல்லை. கான்வென்ட்டில் எனக்கு முழங்கால் போடவும் பயப்படவும் தைக்கவும் நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். தையல் சிஸ்டரின் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, அட்டையில் ஒட்டி, முழு ஊசியாகச் சேர்கிற வரை ஒருத்தியும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. நாற்பது பெண்கள் சிலை மாதிரி உட்கார்ந்திருப்போம். ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டாவது மெஷின் வந்தது. மூன்று நாள் முன்னால் இறந்த ஒரு தையல்காரருடையது. அவர் மனைவி, “எடுத்துட்டுப் போயிடுங்க, சத்தம் போடாம இது சும்மா நிக்கிறதைப் பாக்க முடியல” என்று சொல்லிக் கொடுத்தாராம். இவர் சந்தோஷமாக வாங்கிவந்து சீமாட்டி என்று பேர் வைத்தார்.

நான் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன்.

“பாப்பாவைப் பாத்துக்கங்க.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன்” என்றார், சீமாட்டியைப் பார்த்துக்கொண்டு.

கடைசிப் படியில் இறங்கும்போது காதில் விழுந்தது. டிக். அவ்வளவுதான், சின்னச் சத்தம். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அது ஊசி உடைகிற சத்தம்.

உள்ளே போனால் அவர் நாலு காலில் நிற்கிறார். முதுகில் பாப்பா. முகம் தரைக்கு ஒரு ஜாண் மேலே.

“என்னங்க பண்றீங்க?”

“யானை விளையாட்டு.”

எட்டு மாதத்தில் அவர் ஒரு நாளும் யானை ஆனதில்லை. பூனைகூட ஆனதில்லை.

“யானை ஏன் தரையை மோந்து பாக்குது?”

“யானைன்னா மோந்துதான் பாக்கும்.”

“எதையாவது தொலைச்சிட்டீங்களா?”

“பட்டன்.”

“என்ன பட்டன்?”

“சட்டை பட்டன். நீலச் சட்டை.”

அவர் போட்டிருந்தது பனியன்.

நான் சீமாட்டியைப் பார்த்தேன். ஊசி பாதிதான் இருந்தது. புது ஊசியைத் திருப்பி மாட்டி, நம் பக்கமாகச் சுற்ற வேண்டிய சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறார். ஒரு நாளாவது தைத்தவர் யாரும் செய்யாத தப்பு. அதற்கு ஆறடி தூரத்தில் பாப்பாவின் பாய். பாப்பா அந்த வயதில் கையில் கிடைப்பதை எங்கே வைப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உடுப்பைக் கழற்றினேன். வாய்க்குள் விரலை விட்டேன். நாக்குக்கு அடி, கன்னத்தின் உள்பக்கம், மேலண்ணம். புதிதாக முளைத்த இரண்டு பல்லால் என் விரலைக் கடித்துவிட்டுச் சிரித்தாள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, கால் விரல் ஒவ்வொன்றின் சந்து. எங்கேயும் இல்லை. இல்லை என்றால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. வெளியே இல்லாதது உள்ளே இருக்கலாம்.

துடைப்பம் வாங்க அவர் எதிர்வீட்டுக்குப் போனார். எங்கள் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சீமாட்டியிடம் போனேன். ஊசிக்கு இடது பக்கம் பளபளவென்று ஒரு தகடு இருக்கும். நகத்தால் தள்ளினால் இழுப்பறை மாதிரி நகரும். அதற்கு அடியில்தான் படகு மாதிரி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடிநூல் ஓடும். ஊசி உடைந்தால் தைக்கிறவள் முதலில் பார்ப்பது அங்கேதான்.

கிடந்தது. பழைய எண்ணெயில், மீன்முள் மாதிரி.

மேலே நின்ற பாதியையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து, புது ஊசி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கடுகு அளவுகூடக் குறையவில்லை. மேல்பாதியை இருந்தபடி மாட்டினேன். கீழ்பாதியைக் காலண்டர் தாளில் ஒட்டி மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன். பாப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம். “ஏங்க, கிடைச்சிடுச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாயையும் திறந்தேன்.

“பட்டன் கிடைச்சுதா?” என்றுதான் வந்தது. நான் நல்லவள் இல்லை.

நீலச் சட்டையை எடுத்துவந்து எண்ணிக் காட்டினேன். “ஆறும் இருக்கே?”

“கை பட்டன்.”

“கையிலயும் இருக்கே?”

“நீ போய் அடுப்பைப் பாரு.”

போய்விட்டு வந்தேன். இடது கையில் பட்டன் இல்லை. நூல் தொங்கியது. கைப்பட்டி முழுக்க எச்சில்.

“பாத்தியா? இல்ல!” என்றார் வெற்றியோடு.

“அப்ப பட்டன் கிடைக்கிற வரைக்கும் பாப்பாவைத் தரையில விடக்கூடாதுல்ல?”

“விடாத! விடவே விடாத!” என்று கத்தினார். எதுக்கெடுத்தாலும் பயப்படாதவர்.

“மெஷினுக்கு அடியில உருண்டிருக்கும்ங்க. ஒண்ணொண்ணா வெளிய எடுத்துட்டுப் பெருக்கினா தெரியும்.”

“வெளியன்னா எங்க? வராந்தாவுல வெச்சா வீட்டுக்காரர் குதிப்பாரு.”

“மெக்கானிக் அண்ணன் கடைக்குப் பின்னாடி இடம் இருக்கு.”

“ஒரு பட்டனுக்காகவா?”

“பட்டனுக்காகத்தான்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூக்கினார். செவிடனின் கால்பகுதி மட்டும் முப்பது கிலோ. எட்டு மாதமாக நான் கெஞ்சி ஒரு அங்குலம் நகராதது, ஒரு பொய்ப் பட்டனுக்கு வண்டி ஏறியது. மெக்கானிக் அண்ணன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்ன சார், குடும்பத்தோட குடிமாறுறாங்களா?”

“பட்டன் தொலைஞ்சுபோச்சு.”

“எதுல?”

“சட்டையில.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். சீமாட்டி கிளம்பும் முன் அவர் திரும்பி நின்றுகொண்டு மேல்பாதி ஊசியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் கண்ணில் பட்டால் கதை கந்தலாகிவிடும் அல்லவா.

மத்தியானத்துக்குள் வீடு காலி. இவ்வளவு பெரிய வீட்டிலா இத்தனை நாள் ஒண்டிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. மெஷின் நின்ற இடமெல்லாம் தூசியில் கால்தடம். அவர் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தார். கயிற்றில் கட்டி, தரை முழுக்க மீன் பிடித்தார். நான் கட்டிலில் பாப்பாவோடு உட்கார்ந்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முதலில் என் கொண்டை ஊசி இரண்டு மாட்டியது. அப்புறம் ஒரு ஆணி. அப்புறம் அவர் கையைத் தூக்கிக் காந்தத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

ஊசிமுனை. ஒன்றல்ல, நாலு. துருப்பிடித்தவை. மெஷின்களோடு எந்தெந்தச் செத்தவர் வீட்டிலிருந்தோ வந்து உதிர்ந்தவை. பாப்பா ஒரு வாரமாகத் தவழ்ந்த தரையில் கிடந்தவை.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. நான் நடத்திய நாடகத்துக்கு என்னைவிட நல்ல எழுத்தாளர் யாரோ வசனம் எழுதிவிட்ட மாதிரி இருந்தது.

“பட்டனாங்க?” என்றேன்.

அவர் நாலையும் உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். “இல்ல. இது எல்லாம் பழசு” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொருளின் வயதைச் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாலு முனையைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் வந்தது இரக்கமில்லை. சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து, பாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாப்பா ஒரே ஒரு தடவை இருமினாள். அவர் முகம் சுண்ணாம்பு ஆகிவிட்டது. லீவு போட்டார்.

“டாக்டர்கிட்ட போவோம்.”

“ஒரு இருமலுக்கா?”

“ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்.”

“இருமலுக்கு எக்ஸ்ரேயா?”

“சும்மா. ஒரு ஆசைக்கு.”

கிளினிக் பெஞ்சில் பதினோராவது டோக்கன். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து அவர் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கை இழுத்ததால் அல்ல.

“நான் ஒரு பாவம் பண்ணிட்டேம்மா.”

“என்ன?”

“பட்டன் இல்ல.”

“தெரியும்.”

“ஊசி. சக்கரத்தைச் சுத்தினேன். உடைஞ்சு பாதி பறந்துடுச்சு. இவ பக்கத்துல இருந்தா. மூணு நாளா...” பக்கத்தில் ஜுரத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மடித்த காலண்டர் தாளை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிரித்தார். சட்டைப்பையிலிருந்து மேல்பாதியை எடுத்து முனையோடு சேர்த்தார். சேர்ந்தது.

“எங்க இருந்துச்சு?”

“மெஷினுக்குள்ளயே. தகட்டுக்கு அடியில.”

“எந்தத் தகடு?”

“ஊசிக்குப் பக்கத்துல பளபளன்னு இருக்கே, நீங்க தினமும் துடைப்பீங்களே.”

“அது நகருமா?”

பன்னிரண்டு மெஷினின் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவர் கேட்கிறார்.

“எப்பக் கிடைச்சுது?”

“சனிக்கிழமை.”

“சனிக்கிழமை எப்ப?”

“நீங்க யானையா இருந்து முடிச்சதும்.”

அவர் முகம் சிவந்தது. பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “மூணு நாளு! மூணு நாளு என்னை...”

“நான் எட்டு மாசம்” என்றேன்.

அவர் வாயைத் திறந்தபோது நர்ஸ், “பதினொண்ணு!” என்று கூப்பிட்டாள்.

“என்ன பிரச்சினை?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். எடை பாக்கலாம்னு வந்தோம்” என்றார் அவர். எடை பார்த்தார்கள். பாப்பா சரியாக இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும்தான் ஆளுக்கு ரெண்டு கிலோ குறைந்திருப்போம்.

திரும்பி வரும்போது மெக்கானிக் கடையைத் தாண்ட வேண்டும். மகாராணியின் முனை கதவிடுக்கில் தெரிந்தது. நான் வேண்டுமென்றே நடையைக் குறைத்தேன்.

“பட்டன்தான் கிடைச்சிடுச்சே. திருப்பி எடுத்துட்டு வரலாங்களா?”

அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அங்கயே இருக்கட்டும். இவ பெரியவளாகட்டும்.”

“எவ்வளவு பெரியவ?”

“கல்யாணம் ஆகட்டும்.”

நான் ஜெயித்துவிட்டேன். பன்னிரண்டு மெஷினையும் அவர் கையாலேயே தூக்க வைத்து, அவர் வாயாலேயே வேண்டாமென்று சொல்ல வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், “நீ போய்ப் படு, பாப்பாவை நான் பாத்துக்கறேன்” என்றார். இந்தத் தடவை பாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டி, இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடினேன்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. மூக்குக்குக் கீழே ஏதோ உரச, பதறி எழுந்தேன். அவருடைய விரல்.

“பாப்பாவுக்கு மூச்சு நல்லா வருது. உனக்கு வருதான்னு பாத்தேன்” என்றார். “இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி எழுப்புறேன், நீ நிம்மதியாத் தூங்கு.”